உருவிய வாளை மட்டும் காண்பவர்களுக்கு

ஜப்பானிய வாள் என்றவுடனேயே சாமுராயின் ஆன்மா, மரணத்தின் அழகியல் என்று தொடங்கிவிடும் கட்டுரைகளை நாம் போதிய அளவு வாசித்தாகிவிட்டது. அந்த மயக்கத்தின் இன்னொரு முகம்தான், தேர்ந்த ரசனையின் பெயரால் சொல்லப்படும் இக்கூற்று: எஃகுதான் கலை, பிடியும் உறையும் காப்பும் வெறும் அலங்காரம். இதை நாம் மறுக்கிறோம். பழைய குறுவாள் ஒன்றை அதன் அணிகளிலிருந்து பிரித்து ரசிப்பது அரைகுறை வாசிப்பு மட்டுமன்று, பிழையான வாசிப்பும்கூட.

எடோ காலத்து வாகிசாஷியை எடுத்துக்கொள்வோம். அலகின் நீளம் ஒரு ஷாகுவுக்கும் இரண்டு ஷாகுவுக்கும் இடைப்பட்டது. ஏறத்தாழ 30 முதல் 60 சென்டிமீட்டர். நெடுவாளையும் குறுவாளையும் இணையாக அணிவது சாமுராய்களின் உரிமை. குறுவாளையோ வணிகரும் அணிந்தனர். அப்படியிருக்க, ஒவ்வொரு குறுவாளிலும் எந்தப் போர்வீரனின் ஆன்மாவைத் தேடுகிறார்கள்? டோகுகாவா ஆட்சியின் நீண்ட அமைதியில் அது பெரும்பாலும் இடையில் அணியப்பட்ட பொருள். அணிவதற்கான பொருளில் அணிகளை மிகை என்பது என்ன நியாயம்?

அந்த 'வெறும் அலங்காரம்' எவ்வளவு உழைப்பைக் கோரியது என்பதையும் பார்க்க வேண்டும். ட்சுபா எனும் காப்புத் தகடு. பிடியின் இரு முனைகளில் ஃபுச்சி, கஷிரா. சுற்றிய நாடாவுக்குள் பாதி மறைந்து கிடக்கும் மெனுகி. உறையில் செருகிய சிறுகத்தியின் பிடியான கொசுகா. செம்பில் சிறிதளவு பொன் கலந்து, கொதிக்கும் கரைசலில் இட்டு, நீலம் ஓடிய கருமையை வரவழைத்த உலோகம் ஷாகுடோ. அதன்மேல் மீன்முட்டைகளைப் போன்ற நுண்மணிகளை ஒவ்வொன்றாக உளியால் அடித்து எழுப்புவது நனாகோ. ஓர் அடி பிசகினால் வரிசையே குலையும். யோகோயா சோமின் (1670–1733) உளியைச் சாய்த்துப் பிடித்து, தூரிகைக் கோட்டின் தடிப்பையும் மெலிவையும் உலோகத்தில் கொண்டுவந்தவர். இவரை ஓவியராகக் கருதாமல் வேறு யாராகக் கருதுவது?

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்றுண்டு: அலகு பழையது, அணிகளோ பின்னாளில் மாற்றப்பட்டவை; ஆகவே அலகே அசல் என்பது. ஆனால் அலகு மட்டும் மாறாமலா இருந்தது? நெடுவாள்கள் பல அடிப்பகுதி குறைக்கப்பட்டுக் குறுவாள்களாயின. அப்போது கொல்லனின் கையொப்பமும் சில வேளைகளில் போயிற்று. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் எஃகு சிறிது தேய்கிறது. எனவே தீண்டப்படாத அசல் என்பது கற்பனை. அலகும் அணிகளும் சேர்ந்து சொல்வது, அப்பொருள் எத்தனை கைகளைக் கடந்து வந்தது என்ற வரலாற்றை.

களிமண் பூசிக் காய்ச்சி நீரில் தோய்க்கையில் பிறக்கும் ஹமோன் எனும் விளிம்புக் கோலத்தின் அழகை நாம் குறைத்துச் சொல்லவில்லை. அலகைப் பாதுகாக்க அதை எளிய மர உறையில் வைப்பதையும் எதிர்க்கவில்லை. ஜப்பானிய மரபிலேயே அதற்கு வழியுண்டு: அலகு மர உறைக்குப் போகும்போது, அதே அளவில் மரத்தாலான அலகொன்றைச் செருகி அணிகளைக் குலையாமல் காப்பார்கள். பிரித்து வைத்தாலும் உறவை அறுக்காத அந்தப் பண்பைத்தான் கேட்கிறோம்.

அறுத்தவர்கள் வேறு. 1876இல் பொதுவில் வாள் அணிவதை மெய்ஜி அரசு தடைசெய்த பின் செதுக்குக் கலைஞர்களின் பிழைப்பு முடங்கியது. எண்ணற்ற ட்சுபாக்கள் வாளிலிருந்து கழற்றப்பட்டு மேற்கத்திய சேகரிப்பாளர்களிடம் சென்றன. ஒரே கருவில் தேர்ந்து கோத்த அணிகளைத் தனித்தனியே விற்பது, கவிதையிலிருந்து உவமைகளைக் கத்தரித்து விற்பதற்கு ஒப்பாகும். பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டின் துருவை 'சுத்தம்' செய்வது அதைவிடக் கொடிது. வாளின் வயதைச் சொல்லும் சாட்சியல்லவா அத்துரு!

ஆகவே, பழைய குறுவாள் கைக்கு வந்தால் அலகையும் அணிகளையும் ஒரே மேசையில் வைத்துப் பாருங்கள். துருவைத் தொடாதீர்கள். பிரித்து விற்கச் சொல்பவரை ரசிகர் என்று அழைக்காதீர்கள்; அவர் வியாபாரி, அவ்வளவே.