நியூட்ரினோவும் ஞாயிற்றுக்கிழமை விஞ்ஞானிகளும்

விஞ்ஞானி ஒருவர் தமது ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டு ஒரு கிராமத்துப் பள்ளியில் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது நிறுவனத்திற்கு அது ஓய்வுநேரத் தொண்டு. நமது இலக்கியவாதிகளுக்கோ வெறும் பிரச்சாரம். இவ்விரு அலட்சியங்களுக்கும் கொடுத்த விலை என்ன என்பதைத் தேனி மாவட்டத்தில் பார்க்கலாம்.

பெரியகுளத்தில் நின்று வடக்கே மலையை அண்ணாந்து பார்ப்பவரின் தலைக்கு மேலே, கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி வருகிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கிருந்துதான். அவ்விளைவு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. மோட்டார் சாலை வருவதற்கு முன் கொடைக்கானலுக்கு ஏறிய பழைய பாதை பெரியகுளத்துப் பக்கமிருந்தே தொடங்கியது. துரைமார்களையும் மூட்டைகளையும் சுமந்து ஏறியவர்கள் கீழேயுள்ள மனிதர்கள். மேலே கண்டதை அவர்களின் மொழியில் இறக்கித் தருவது காலனிய அறிவியலின் கவலையாக இருக்கவில்லை. அதில் நமக்கு வியப்புமில்லை. சுதந்திர நாட்டின் பெருந்திட்டமும் மக்களிடம் பேச இவ்வளவு தாமதித்ததே நம்மை உறுத்துகிறது.

பெரியகுளத்திற்குத் தென்மேற்கே, போடி மேற்கு மலையை ஒட்டிய பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு சுமார் 1500 கோடி ரூபாய். மலைக்குள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் சுரங்கம், அதன் முடிவில் 50,000 டன் காந்தமேற்றிய இரும்பு. காஸ்மிக் கதிர்களை வடிகட்டவே அவ்வளவு பாறை தேவைப்பட்டது. அதே காரணத்தால்தான் 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவு செய்தார்கள்.

நியூட்ரினோவால் கதிர்வீச்சு பரவும் என்ற அச்சத்திற்கு அடிப்படை இல்லை. சூரியனிலிருந்து புறப்பட்டவை நம் விரல் நகத்தின் வழியே நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேல் கடந்தபடியே இருக்கின்றன. ஆனால் பாறையை வெடிவைத்துத் தகர்ப்பது, அள்ளிய கல்லை எங்கே கொட்டுவது, நீர் எங்கிருந்து வரும், புலிகளின் வழித்தடம் என்னவாகும் என்ற கேள்விகள் முற்றிலும் நியாயமானவை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'அறியாமை' என்றனர் ஒரு சாரார். அதே மூட்டைக்கு 'பேராபத்து' என்று பெயரெழுதி விற்றனர் மறு சாரார். மூட்டையைப் பிரித்துக் காட்டும் மொழி ஊருக்குள் முன்பே வேரூன்றியிருக்கவில்லை. 2017இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018இல் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்திலேயே திட்டத்தை எதிர்த்தது.

இத்தனைக்கும் அந்த மொழியை உருவாக்க முயன்றவர்கள் இல்லாமலில்லை. 1980இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் அதன் 'துளிர்' இதழும் விஞ்ஞானிகளின் ஓய்வுநேர உழைப்பையும் உண்டு வளர்ந்தவை. சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் கணினியியலில் ஆய்வு செய்துகொண்டே எழுத்தறிவு இயக்கத்திலும் கணிதக் கல்வியிலும் பல ஆண்டுகள் உழைத்தவர். அதே நிறுவனத்தின் இயற்பியலாளர் டி. இந்துமதி சிறுவருக்கான 'ஜந்தர் மந்தர்' அறிவியல் இதழுக்காக உழைத்தவர். நியூட்ரினோத் திட்டத்தை மக்களுக்கு விளக்கும் பொறுப்பும் அவரிடம் வந்து சேர்ந்தது. இரண்டு வேடங்களையும் ஒருவர் தலையில் ஏற்றியது அவர் குற்றமன்று. தன்னார்வலராக நிற்கும் விஞ்ஞானி, "தண்ணீர் பற்றிய உங்கள் கேள்வி சரியானது, பதில் என்னிடம் இல்லை" என்று கூசாமல் சொல்லலாம். திட்டத்தின் சார்பில் பேசுபவர் அதையே சொன்னாலும் சந்தேகத்தோடுதான் கேட்கப்படுவார். பூச்சிமருந்துக் கடைக்காரர் சொல்வதை ஒரு காதாலும் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதை மறு காதாலும் கேட்கும் பெரியகுளத்து மா விவசாயிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அரசோ விஞ்ஞானிகளின் சமூகப் பொறுப்புக்கு ஆண்டுக்குப் பத்து நாள் என்று 2022இல் வழிகாட்டு நெறி வெளியிட்டது. மறு ஆண்டே, இதற்கென்றே இருந்த விஞ்ஞான் பிரசார் நிறுவனத்தை மூடியது. தமிழில் ஓயாது அறிவியல் எழுதிவரும் த.வி. வெங்கடேஸ்வரன் பணியாற்றிய நிறுவனம் அது.

நம் வீட்டுக் கதை இதைவிட மேலானதன்று. பின்நவீனத்துவ மொழிபெயர்ப்புகளுக்குப் பக்கம் பக்கமாக இடமளித்த சிற்றிதழ்கள் அறிவியல் கட்டுரையைச் சிறுவர் மலருக்கு அனுப்பிவிட்டன. வழக்கறிஞரான பெ.நா. அப்புஸ்வாமி (1891–1986) வாழ்நாளெல்லாம் அறிவியலுக்குத் தமிழ் உரைநடையைப் பழக்கினார். உரைநடை பற்றிய நமது விவாதங்களில் அவர் பெயர் எத்தனை முறை அடிபடுகிறது? புரியாத படிமத்திற்கு மூன்று முறை வாசிக்கும் பொறுமை காட்டும் நாம், ஒரு வரைபடத்தைக் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

அடுத்த திட்டம் எந்த மலைக்கு வருமோ தெரியாது. அதற்கு முன் பெரியகுளத்திலோ கம்பத்திலோ நடக்கும் ஓர் இலக்கியக் கூட்டத்திற்கு ஒரு விஞ்ஞானியை அழைத்து, ஒரு கவிதைத் தொகுப்பின் விமர்சனத்திற்குத் தரும் ஒன்றரை மணி நேரத்தை அவருக்கும், கேள்வி கேட்கும் ஊர்க்காரர்களுக்கும் தர நம் நண்பர்கள் தயாரா?