அங்கன்வாடியில் தமிழ்க் குரல்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை சுமக்கும் தொழிலாளியும், மிளகு மண்டியில் கணக்கெழுதும் குமாஸ்தாவும் மூன்று வயதுக் குழந்தையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் கேட்கும் முதல் கேள்வி, "இன்று என்ன எழுதினாய்?" என்பதே. பாட்டும் விளையாட்டுமாகப் பொழுது போகிறது என்று டீச்சர்மீது குறை வேறு!

இதில் நாம் டீச்சர் பக்கமே. 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய இத்திட்டத்தில் முன்பருவக் கல்வி முறைசாராக் கல்வியாகவே வகுக்கப்பட்டது. 1939-ல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த மரியா மாண்டிசோரி அம்மையாரும் கைப்பழக்கத்திற்கே முதலிடம் தந்தார். புளியங்கொட்டையை எண்ணி அடுக்கும் விரல்தான் பிறகு பென்சிலைப் பிடிக்கும்.

ஆனால் பாட்டும் கதையும் மலையாளத்தில் மட்டும் நடந்தால், வீட்டில் தமிழ் மட்டுமே கேட்ட குழந்தை வாய் திறவாமல் மூலையில் உட்கார்ந்துவிடும். அதை மந்தம் என்று எண்ணுவது கொடுமை. மலையாளம் வேண்டாம் என்பதல்ல. பிழைக்க வந்த ஊரின் மொழி அவசியம். தமிழ் வழியாக அதற்குள் நுழையட்டும் என்கிறோம். வெளிமாநிலப் பிள்ளைகளுக்காக எர்ணாகுளம் மாவட்டப் பள்ளிகளில் 2017-ல் தொடங்கிய 'ரோஷ்ணி' திட்டம், அவர்கள் மொழி தெரிந்த தொண்டர்களைத் துணைக்கு வைத்தது. அங்கன்வாடிக்கும் அவ்வாறே செய்யலாம். மதிப்பூதியத்தில் உழைக்கும் டீச்சர்மீதே இச்சுமையையும் ஏற்றக் கூடாது. தமிழறிந்த துணையாளரை அரசு நியமிக்க வேண்டும்.

அதுவரை, தாய்மார் கூட்டத்திற்கு நம் பெண்கள் தவறாமல் போகட்டும். வீட்டில் பாடும் பாட்டில் இரண்டை டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும்.