இறைச்சி ஹலால் என்பது வேட்டைக்கு அனுமதிச் சீட்டா?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் நம்மிடம் அண்மைக் காலமாக இளைஞர்கள் சிலர் ஒரே கேள்வியைப் பல வடிவங்களில் கொண்டுவருகிறார்கள். ஹஜ்ரத், ஏர்கன்னால் சுட்ட கொக்கு கூடுமா? சுடும்போது பிஸ்மில்லாஹ் சொன்னால் போதுமா, விழுந்த பின் அறுக்கவும் வேண்டுமா? சுருக்கில் சிக்கிய முயலின் சட்டம் என்ன? கேட்கும்போது முகத்தில் மார்க்கத்தை அறியும் ஆர்வம் தெரிகிறது. ஆனால் கேள்விக்குப் பின்னால் ஒரு பயணத் திட்டமே முழுமையாகத் தயாராகி நிற்கிறது. எந்த இரவில் நிலா இராது, வண்டிகளை எங்கே நிறுத்துவது, நெற்றியில் கட்டும் விளக்குகள் எத்தனை, செஞ்சிக்கு அப்பால் பாக்கம் மலைப் பக்கம் போவதா, மரக்காணம் சாலையில் கழுவேலிக்குப் போவதா என்பதெல்லாம் வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிவிட்டது. வழிகாட்டிகூடத் தேவையில்லை, கைப்பேசி வரைபடம் போதும். பாக்கி இருப்பது மார்க்கத்தின் முத்திரை ஒன்றுதான்.

அந்த முத்திரையை நாம் குத்தித் தரமாட்டோம்.

வேட்டை இஸ்லாத்தில் அடிப்படையில் ஆகுமானது என்பதை யாரும் நமக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பயிற்றுவிக்கப்பட்ட வேட்டை நாய் பிடித்துத் தருவதை உண்ண அல்மாயிதா அத்தியாயத்தின் 4ஆம் வசனம் அனுமதிக்கிறது. அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நாயைப் பற்றியும் அம்பைப் பற்றியும் துருவித் துருவிக் கேட்டு நபி (ஸல்) அவர்களிடம் பெற்ற விளக்கங்கள் ஸஹீஹுல் புகாரியில் இருக்கின்றன. ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராம் கட்டாதிருந்த அபூகதாதா (ரலி) காட்டுக் கழுதையை வேட்டையாட, இஹ்ராமில் இருந்த தோழர்கள் அதை உண்டார்கள். ஃபிக்ஹு நூல்களில் வேட்டைக்கென்றே தனிப் பாடம் உண்டு. அதை நாமே ஆண்டுதோறும் நடத்துகிறோம். ஆகவே வேட்டையே ஹராம் என்று சொல்லித் தப்பிக்கும் எண்ணம் நமக்கில்லை.

ஆனால் அந்தப் பாடத்தை முத்திரை கேட்பவர்கள் முழுமையாகப் படிப்பார்களா? முனையால் தைத்ததை உண்ணலாம், பக்கவாட்டில் மோதி அடிபட்டுச் செத்ததை உண்ணக்கூடாது என்பதே அதீ (ரலி) அவர்களுக்குக் கிடைத்த விடை. அடிபட்டுச் செத்தது என்பது அல்மாயிதாவின் 3ஆம் வசனம் தடுத்த பட்டியலில் உள்ளது. களிமண் உருண்டையால் அடித்த பறவை அறுக்கப்படுமுன் செத்துவிட்டால் கூடாது என்று ஹனஃபி நூல்களும் ஷாஃபிஈ நூல்களும் எழுதி வைத்திருக்கின்றன. துப்பாக்கித் தோட்டாவைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு; நம் பகுதியில் பின்பற்றப்படும் ஹனஃபி அறிஞர்களில் பெரும்பாலோர் அதையும் இவ்வுருண்டையின் சட்டத்திலேயே சேர்த்தார்கள். ஏர்கன்னின் ஈயக்குண்டோ கூர்மையற்றது. நள்ளிரவில் சேற்றில் விழுந்த கொக்கை விளக்கடித்துத் தேடிக் கண்டெடுக்கும்போது அதில் உயிர் இருந்ததா இல்லையா என்று யார் சாட்சி சொல்வது? பிஸ்மில்லாஹ் சொன்னேனே என்கிறார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி அருந்தியதால் எந்த ஹராமும் ஹலாலானதில்லை.

சரி, உயிரோடு கைக்கு வந்தது, முறைப்படி அறுத்தும்விட்டார்கள். இறைச்சி ஹலால்தானே என்கிறார்கள். இங்கேதான் அடிப்படைக் குழப்பம் இருக்கிறது. பறித்துக்கொண்ட நிலத்தில் நின்று தொழுதவனின் தொழுகையைப் பற்றி நம் இமாம்கள் என்ன சொன்னார்கள்? கடமை நிறைவேறிவிடும், ஆனால் அவன் பாவி என்றார்கள். செயல் செல்லுபடியாவது வேறு, செய்தவன் குற்றத்திலிருந்து நீங்குவது வேறு. இந்த வேறுபாட்டை முதலாண்டு மாணவனே அறிவான். ஹலால் என்ற சொல் தட்டிலுள்ள இறைச்சியைப் பற்றியது. அது தட்டுக்கு வந்த வழியைப் பற்றித் தனியாக விசாரணை உண்டு. சிட்டுக்குருவியையோ அதைவிடப் பெரியதையோ அதற்குரிய நியாயமின்றிக் கொன்றவனை அல்லாஹ் அதுபற்றிக் கேட்பான் என்ற கருத்தில் நஸாயீயில் வரும் ஹதீஸ் அந்த விசாரணையைப் பற்றியதே.

வந்த வழியைப் பார்ப்போம். கழுவேலி நம் மாவட்டத்தின் உவர்நீர்ச் சதுப்புநிலம். தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் ஐயாயிரம் ஹெக்டேருக்கும் அதிகமான பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நடு ஆசியாவிலிருந்தெல்லாம் பறவைகள் குளிர்காலத்துக்கு அங்கே வந்து இறங்குகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் மூன்றாண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. சுடுவது மட்டுமல்ல, சுட முயல்வது, சுருக்கு வைப்பது, வலை விரிப்பது, முட்டையை எடுப்பது எல்லாமே அச்சட்டத்தில் வேட்டைதான். 2022இல் செய்த திருத்தத்துக்குப் பின் வெளிமானும் மயிலும் முதல் அட்டவணையில் உள்ளன. புள்ளிமானும் காட்டு முயலும் இரண்டாம் அட்டவணையில். சரணாலயத்துக்கு வெளியே, காப்புக்காட்டிலோ ஏரிக்கரையிலோ என்றாலும் இவற்றைத் தொடக்கூடாது. ஏர்கன்னுக்கு உரிமம் கேட்கவில்லை என்று கடைக்காரர் சொன்னதை வேட்டைக்கே உரிமம் தந்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். பிடிபட்டால் தந்தை தவணை கட்டிக்கொண்டிருக்கும் வண்டியும் சேர்ந்து பறிபோகும்.

சட்டத்தைச் சொன்னவுடன் ஒரு வாதம் வருகிறது. அது அரசு நிலம், பொது நிலம், நமக்கும் பங்கு உண்டு. நீரும் புல்லும் நெருப்பும் மக்களுக்குப் பொது என்று ஹதீஸே இருக்கிறதே என்கிறார்கள். ஹதீஸ் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டுபவர்கள் ‘ஹிமா’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டதில்லையா? பொது மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைப் பொது நன்மைக்காக ஒதுக்கிக் காப்பதே ஹிமா. அறியாமைக் காலத்தில் குலத்தலைவர்கள் தங்கள் சொந்த மந்தைகளுக்கென்று வளைத்துக்கொண்ட இவ்வழக்கத்தை நபி (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் உரிய பொதுப் பாதுகாப்பாக மட்டும் அதை நிலைநிறுத்தினார்கள். மதீனாவுக்கு அருகே நகீஉ என்ற இடம் அவ்வாறு காக்கப்பட்டது. மதீனாவையே புனித எல்லையாக அறிவித்து, அங்கே வேட்டைப் பிராணியை விரட்டக்கூடாது, மரம் வெட்டக்கூடாது என்றார்கள். இந்த அறிவிப்பின் சட்ட விளைவில் ஹனஃபி அறிஞர்களின் பார்வை வேறு என்பதை அறிந்தே சொல்கிறோம். மதீனாவில் மான்கள் மேய்வதைக் கண்டால் அவற்றை மிரளவும் செய்யமாட்டேன் என்று அபூஹுரைரா (ரலி) சொன்னதும் பதிவாகியிருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் ஹிமா ஏற்பாட்டை இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். காவலுக்கு வைத்த தம் பணியாளுக்கு அவர்கள் இட்ட கட்டளை புகாரியில் உள்ளது. சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உடைய ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃபின் மந்தையையும் இப்னு அஃப்பானின் மந்தையையும் விடாதே என்ற கருத்தில் அமைந்த கட்டளை அது. தடுக்கப்பட்டவர்கள் யார் என்று பாருங்கள். சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பதின்மரில் இருவர்! அவர்களுடைய கால்நடைகள் அழிந்தாலும் பிழைத்துக்கொள்ள அவர்களுக்குத் தோட்டங்கள் இருந்தன, ஏழைக்கு இல்லை. பொது நிலத்தின் சட்டம் இப்படித்தான் இருக்கும்.

இந்த அளவுகோலை நம் வட்டாரத்தில் வைத்துப் பாருங்கள். திண்டிவனம், செஞ்சிப் பக்கங்களில் ஏரிக்கரையோரம் வாழும் இருளர் மக்கள் ஒருகாலத்தில் பாம்புத்தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள். 1972ஆம் ஆண்டின் சட்டமும் தோல் வணிகத்தின் மீதான தடையும் அவர்கள் வயிற்றில் நேரடியாக விழுந்த அடி. அவர்களில் ஒரு பகுதியினர் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வடநெம்மேலியில் பாம்புகளைக் கொல்லாமல் விஷம் மட்டும் எடுத்து, விஷமுறிவு மருந்துக்குக் கொடுத்து வருகிறார்கள். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்கள் பத்மஸ்ரீ விருது பெற்றார்கள். பசிக்காக வேட்டையாடியவன் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுத் தொழிலையே மாற்றிக்கொண்டான். வாரம் இருமுறை பிரியாணி உண்பவன், ஒரு மாறுதலுக்குக் கொக்குக்கறி வேண்டும் என்று சரணாலயத்துக்குள் நுழைகிறான். அவனுக்கு ஹலால் சான்றிதழ் வேறு வேண்டுமாம்!

அமெரிக்காவிலெல்லாம் செய்கிறார்களே என்பது அடுத்த வாதம். யூடியூப் தந்த வாதம் இது. வயோமிங் போன்ற மாநிலங்களில் பொது நிலத்தில் வழிகாட்டி இல்லாமல் கூடாரம் அடித்து, ப்ராங்ஹார்ன் என்ற மானினத்தைச் சுடும் காணொளிகளை நம் பிள்ளைகள் விடிய விடியப் பார்க்கிறார்கள். அந்தக் காணொளியில் தெரியாதது ஒன்று உண்டு. கோடிக்கணக்கில் இருந்த அந்த விலங்கு கட்டுப்பாடற்ற வேட்டையால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில பத்தாயிரங்களாகச் சுருங்கிப்போனது. பிறகு வேட்டையை நிறுத்தினார்கள், கட்டுப்படுத்தினார்கள், 1937 முதல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனி வரி போட்டு அந்தப் பணத்தை வனவிலங்குக்கே செலவிட்டார்கள். இனம் மீண்டது. இன்று அங்கே பல பகுதிகளில் வேட்டையாட விரும்புபவர் விண்ணப்பித்து, குலுக்கலில் பெயர் வந்தால் மட்டுமே, குறித்த பகுதியில், குறித்த நாட்களுக்குள் சுடலாம். ஒரு சீட்டுக்கு ஒரு மான். குலுக்கலில் பெயர் வராதவர் வீட்டில் இருக்கிறார். நம்மவர்கள் அந்தக் கூடாரத்தை மட்டும் பார்த்தார்கள். நம் நாட்டு வெளிமானுக்காகக் கோடியக்கரையில் 1967இலேயே சரணாலயம் அமைக்கப்பட்டது. இந்நாட்டின் விதி அதைச் சுடாதே என்பது. நாட்டுக்கு நாடு விதி வேறு, விதிக்குக் கட்டுப்படும் கடமை ஒன்றே. அல்மாயிதா அத்தியாயமே ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் தொடங்குகிறது. வேட்டையைப் பற்றிய பேச்சும் அதே முதல் வசனத்தில்தான் வருகிறது.

சில ஜமாஅத் பெரியவர்கள் வேறு காரணம் சொல்லித் தடுக்கிறார்கள். நம் பிள்ளை பிடிபட்டால் பெயர் பத்திரிகையில் வரும், சமுதாயத்துக்கே கெட்ட பெயர் என்கிறார்கள். இந்தக் காரணம் நமக்கு உவப்பானதல்ல. பத்திரிகைக்குத் தெரியாமல் செய்தால் சரியா? ஹுதைபிய்யா ஆண்டில் இஹ்ராமில் இருந்த ஸஹாபாக்களை வேட்டைப் பிராணிகள் கைக்கெட்டும் தூரத்தில், ஈட்டிக்கு எட்டும் தூரத்தில் சூழ்ந்துகொண்டதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். மறைவில் அல்லாஹ்வை அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுத்தவே அந்தச் சோதனை என்கிறது 94ஆம் வசனம். பசியோடிருந்தார்கள், கையில் ஆயுதம் இருந்தது, விலங்கு பக்கத்தில் நின்றது, தொடவில்லை. நிலவில்லாத இரவில், வனக்காவலர் இல்லாத கரையில், விளக்கு வெளிச்சத்தில் கண்கூசி அசையாமல் நிற்கும் கொக்கின் முன் நிற்பவனுக்கு இதைவிட நெருக்கமான வசனம் வேறு ஏது?

நம் பகுதியின் பாமர மக்கள் இந்தச் சோதனையில் தேறியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்கு வடக்கே வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊர்மக்கள் செங்கல்பட்டு ஆட்சியரிடம் முறையிட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சுடக்கூடாதென்று கவுல் பெற்றதாக வரலாறு கூறுகிறது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. துப்பாக்கி வைத்திருந்தவனிடம் துப்பாக்கி இல்லாதவன் வென்ற வழக்கு அது.

உணவுக்காகவே போகிறோம் என்பதையும் நாம் நம்பவில்லை. பெட்ரோல், குண்டு, விளக்கு எல்லாவற்றையும் கூட்டினால் வரும் தொகையில் நாட்டுக்கோழி வாங்கி மஹல்லாவின் நான்கு வீட்டுக்குக் கொடுக்கலாம். இது விளையாட்டு. உயிருள்ளதை இலக்காக வைத்து எறிபவனை நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள். அந்த ஹதீஸை இப்னு உமர் (ரலி) நினைவூட்டியதே, பறவையைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களிடம்தான். வேட்டையின் பின்னால் அலைபவன் பொடுபோக்காகிவிடுகிறான் என்ற ஹதீஸின் விளக்கத்தை அறிய நூலைப் புரட்ட வேண்டியதில்லை. வேட்டைக்குப் போன இரவின் மறுநாள் சுபுஹு ஜமாஅத்தில் வரிசையைப் பார்த்தாலே போதும். குஞ்சுகளை எடுத்துவிட்டதால் தவித்துச் சிறகடித்த தாய்ப்பறவையைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்த நபியின் உம்மத்து நாம். இஹ்ராமோடு பயணம் செய்த வழியில் அம்பு தைத்து நிழலில் படுத்திருந்த ஒரு மானை யாரும் தொந்தரவு செய்யாதிருக்க, கூட்டம் முழுதும் கடந்து போகும்வரை ஒருவரைக் காவல் நிறுத்தினார்கள் என்று முவத்தாவில் வருகிறது. மானுக்குக் காவல் நிற்பதும் ஒரு சுன்னத்தான பணி என்று அந்த இளைஞர்களுக்கு யாரேனும் சொன்னதுண்டா?

ஆகவே இமாம்களிடமும் முத்தவல்லிகளிடமும் நாம் கேட்பது இரண்டு. முத்திரை கேட்டு வருபவனிடம் இறைச்சியின் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். எங்கே, எப்போது, யாருடைய நிலத்தில் என்று முதலில் கேளுங்கள். வேட்டைக்கறி என்று வீட்டுக்கு அனுப்பப்படும் பாத்திரத்தை வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு மகன் எழுப்பிக் கொக்கு உரிக்கச் சொன்னால் உரிக்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை தாய்மார்களுக்கும் உண்டு.

இன்ஷா அல்லாஹ், வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் மாணவர்களைக் கழுவேலிக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். சுபுஹு தொழுதுவிட்டுத் திண்டிவனத்திலிருந்து மரக்காணம் பேருந்தில் புறப்படுவோம். ஏர்கன் வைத்திருக்கும் தம்பிமார்களும் வரலாம். அதை வீட்டில் வைத்துவிட்டு, தொலைநோக்கி இருந்தால் எடுத்து வரட்டும்.