உப்பளத்துப் பிள்ளைக்கு எக்செல் எதுக்கு?

போன மழைக்காலத்துல மரக்காணம் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பொண்ணு ஏழாங்கிளாஸ். கையில போனைக் கொடுத்தா ரெண்டு நிமிஷத்துல பாட்டெல்லாம் சேர்த்து ஒரு வீடியோ ரெடி பண்ணிடுவா. "உனக்கு ஒண்ணுமே தெரியல மாமா"ன்னு நக்கல் வேற.

சாயந்திரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். உப்பளத் தொழிலாளி. மழை பெய்ஞ்சா பாத்தியில வேலை கிடையாது. அதுக்காகத்தான் அரசாங்கம் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்க ஆரம்பிச்சது. அந்தப் பணம்னு சொல்லி வாட்ஸப்ல ஒரு லிங்க் வந்திருக்கு. "பாப்பா, நீதான் போன்ல கெட்டிக்காரியாச்சே, கொஞ்சம் போட்டுக் குடும்மா."

அவளும் மளமளன்னு பேர், பேங்க் நம்பர் எல்லாம் போட்டுட்டா. பின் நம்பர் கேட்ட இடத்துலதான் நான் எட்டிப் பார்த்துப் போனைப் பிடுங்கினேன். அது அரசுத் தளமே இல்லை! யூபிஐ-ல பணம் வாங்கறதுக்குப் பின் நம்பர் போடவே வேண்டாம்னு சொன்னேன். அவ முகம் சுருங்கிப் போச்சு. "இதெல்லாம் யாருமே சொல்லித் தரலையே மாமா..."

அதுதாங்க மேட்டர். போனைத் தேய்க்கத் தெரியறது வேற, டிஜிட்டல் அறிவு வேற.

பொருள் வரலைன்னு சொல்ல முடியாது. 2011-ல இலவச லேப்டாப் வந்தப்போ அது பிளஸ் டூ பிள்ளைகளுக்கு. ஹைடெக் லேப் முதல்ல உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு வந்துச்சு. நடுநிலைப் பள்ளிகளோட முறை அதுக்கப்புறம்தான். கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடினப்போ போன் இருந்த பிள்ளை படிச்சுது, இல்லாத பிள்ளை பின்தங்கிடுச்சு. அதைச் சரிக்கட்ட வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யை 2021 அக்டோபர் 27 அன்னிக்கு முதல்வர் தொடங்கி வெச்சதே இதே மரக்காணம் ஒன்றியத்து முதலியார்குப்பத்துலதான்.

"கம்ப்யூட்டரெல்லாம் பிளஸ் ஒன்ல பார்த்துக்கலாம்"னு சொல்றவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்த மாதிரி வீடுகள்ல அப்பா அம்மாவுக்கு மெசேஜ் படிச்சுச் சொல்றதும், ஃபாரம் நிரப்பறதும் இந்த ஆறு, ஏழு, எட்டு படிக்கிற பிள்ளைங்கதான். பொறுப்பு ஏற்கனவே அவங்க தலையில விழுந்தாச்சு. பயிற்சி மட்டும் நாலு வருஷம் கழிச்சா?

லேப்ல ஆன்லைன் தேர்வுக்கு 'கிளிக்' பண்ண வைக்கிறதை நான் பயிற்சின்னு சொல்ல மாட்டேன். என்னைக் கேட்டா மூணு விஷயம் போதும்.

ஒண்ணு, தமிழ்ல டைப் அடிக்கிறது. தமிழ்99 விசைப்பலகை வந்தது 1999-ல. இன்னும் நம்ம பிள்ளைங்க தங்கிலீஷ்லதான் தட்டுது. ஒரு மனு எழுதணும்னா என்ன பண்ணும்?

ரெண்டு, அட்டவணை. இதுக்குப் பாடம் ஈசிஆர் ரோட்டோரமே கிடக்கு. கடல் தண்ணி சுமார் 3 டிகிரி. வெயில்ல வத்தி 25 டிகிரி வந்தா உப்பு விழ ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்கினா கசப்புத் தண்ணி, வெளியேத்திடணும். தினமும் ஒரு பாத்தியில அளவெடுத்து எக்செல்ல போட்டு கிராஃப் போடச் சொல்லுங்க. மழை பெய்ஞ்ச அன்னிக்குக் கோடு சடார்னு இறங்கும். அப்பா கூலி ஏன் நின்னுச்சுன்னு அந்தக் கோடே சொல்லும். டேட்டான்னா என்னன்னு இதுக்கு மேல விளக்கணுமா?

மூணு, சந்தேகப்படறது. இதை யார் அனுப்பினது? முகவரி என்ன? ஏன் அவசரப்படுத்தறான்? ஏமாந்துட்டா 1930-க்கு உடனே போன் பண்ணணும்ங்கறதும் சேர்த்தி.

இப்ப ஏஐ, ரோபோட்டிக்ஸ்னு பெரிய பேச்செல்லாம் நடக்குது. நல்லதுதான், வரட்டும். ஆனா பொய் லிங்க்கைக் கண்டுபிடிக்கத் தெரியாத பிள்ளைக்கு, ஏஐ சொல்ற பொய்யை மட்டும் எப்படிக் கண்டுபிடிக்கத் தெரியும்?

பெரியவர் பணம் தப்பிச்சுது. நான் அன்னிக்கு அங்க இருந்ததால. எல்லா வீட்டுக்கும் மாமா வர முடியாதில்லையா? வாத்தியார்தான் இருக்கார்.

டிஸ்கி: அக்கா பொண்ணு இதைப் படிச்சா எனக்கு அடி நிச்சயம்.