கும்மிடிப்பூண்டி லோக்கல், ஒரு ஊசி, அரை நாள் லீவு

'கும்மி'ன்னதும் பின்னூட்டக் கும்மின்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது கொஞ்சம் சீரியஸ் பதிவு. ஆணி அதிகம்தான், ஆனாலும் எழுதாம இருக்க முடியல.

போன மாசம் பொன்னேரில அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்ல கான்ட்ராக்ட் வேலை. வயசு 43. பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. பேச்சுவாக்குல, "கர்ப்பப்பைவாய் புற்றுநோய்க்கு டெஸ்ட் எடுத்திருக்கீங்களா அத்தை?"ன்னு கேட்டேன். மாமா டக்குன்னு எழுந்து வெளிய போயிட்டாரு. அத்தை, "எனக்கு என்னடா நோவு? நல்லாத்தானே இருக்கேன்"னாங்க.

நல்லா இருக்கும்போது எடுக்க வேண்டிய டெஸ்ட்தான் அது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணம் ஹெச்.பி.வி.ங்கிற வைரஸ். உடலுறவு வழியா பரவுது. பெரும்பாலும் ஓரிரு வருஷத்துல தானா போயிடும். போகாம தங்கிட்டா, புற்றுநோயா மாற பொதுவா 15, 20 வருஷம் ஆகும். அவ்வளவு நேரம் கிடைச்சும், 2022-ல மட்டும் இந்தியாவுல ஏறக்குறைய 80 ஆயிரம் பெண்கள் இதால இறந்ததா உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டிருக்கு.

டெஸ்ட் ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. வினிகர்ல இருக்கிற அசிட்டிக் அமிலத்தை நீர்க்க வச்சு கர்ப்பப்பை வாய்ல தடவிப் பார்ப்பாங்க. மாறிப் போன இடம் வெளுப்பாத் தெரியும். சில நிமிஷ வேலை. நம்ம திண்டுக்கல் மாவட்டத்து கிராமங்கள்ல, பயிற்சி எடுத்த நர்ஸுங்களே இதை ஒரே ஒரு தடவை செஞ்சதுல இறப்பு 35 சதவீதம் குறைஞ்சதுன்னு 2007-ல லான்செட் இதழ்ல வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசு தாண்டின பெண்களுக்கு இது இலவசம். ஆனா 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல எப்பவாவது இந்த டெஸ்ட் எடுத்தவங்க 9.8 சதவீதம்தான். இந்தியா முழுக்க 1.9. அதை வச்சு நாம காலரைத் தூக்கி விட்டுக்க முடியாது.

ஊசி விஷயத்துக்கு வருவோம். தமிழக அரசு 2025 மார்ச் பட்ஜெட்ல, 14 வயசுப் பெண்களுக்கு படிப்படியா தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிச்சது. அத்தைகிட்ட சொன்னேன். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு ஊசி போட்டா நாளைக்கு குழந்தை தங்குமாடா?"ன்னாங்க. தங்கும். மலட்டுத்தன்மை வரும்ங்கிறதுக்கு ஆதாரமே இல்லை. வைரஸ் வர்றதுக்கு முன்னாடி போட்டாதான் முழுப் பலன், அதனாலதான் சின்ன வயசுல போடறாங்க.

இந்தப் பயத்தை அறியாமைன்னு ஒதுக்கறதுல எனக்கு உடன்பாடில்லை. 2009-10ல ஆந்திராவுல கம்மம், குஜராத்துல வதோதரா மாவட்டங்கள்ல இந்த ஊசியைப் போட்டப்போ சில சிறுமிகள் இறந்தாங்க. அதுக்குக் காரணம் ஊசின்னு விசாரணையில நிரூபணம் ஆகல. ஆனா பெத்தவங்களுக்கு பதிலா ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டது வெளிய வந்தது. 2013-ல நாடாளுமன்றக் குழு இதைக் கண்டிச்சது. கேட்காம போட்டா சந்தேகம் வரத்தான் செய்யும். அம்மாவை உட்கார வச்சு, எதுக்கு, என்ன வரலாம் (கை வலி, லேசான காய்ச்சல்), எது வராதுன்னு பொறுமையா சொல்லிட்டுப் போடணும்.

ஒருவழியா அத்தை பாதி மனசா தலையாட்டினாங்க. "சரி, லீவு கிடைச்சா போறேன்."

அங்கதான் எனக்கு சுருக்குன்னுச்சு. ஒரு நாள் லீவு போட்டா கூலியும் போச்சு, அட்டென்டன்ஸ் போனஸும் போச்சு. விழிப்புணர்வுன்னு போஸ்டர் ஒட்டறோம், அதைப் படிச்சுட்டு வர்ற பொம்பளைக்கு நேரத்தை யார் தர்றது? சிப்காட் கம்பெனிகள் வருஷத்துக்கு ஒரு அரை நாள், கான்ட்ராக்ட் பெண்களையும் சேர்த்து, சம்பளத்தோட விடட்டும். ஒரு மறைவான ரூமும் ஒரு பெண் நர்ஸும் இருந்தா கம்பெனி உள்ளேயே முடிச்சுடலாம்.

அந்த ஒரு நாள் கூலியை நான் தரேன்னேன். "காசு வேணாம்டா, கூட வா"ன்னாங்க. சனிக்கிழமை போறோம்.

டிஸ்கி: ஊசி போட்டவங்களுக்கும் 30-க்கு மேல டெஸ்ட் வேணும். உங்க அம்மா, அக்கா எடுத்திருக்காங்களான்னு ஒரு போன் போட்டுக் கேளுங்க. பின்னூட்டம் அப்புறம் போட்டுக்கலாம் :-)