சரத் காலப் பிரயாணமும் காட்டின் உரிமையும்

நவராத்திரி, தீபாவளி விடுமுறைகள் வந்துவிட்டால் தமிழ்நாட்டு மோட்டார் வண்டிகள் மைசூரை நோக்கித் திரும்புவது ஆண்டுதோறும் நிகழும் காட்சியாகும். தசரா காணச் செல்லும் குடும்பங்களிற் சில கூடலூர் வழியே முதுமலை, பந்திப்பூர் காடுகளைக் கடக்கின்றன. வேறு சில, பண்ணாரியிலிருந்து இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் திம்பம் மலையேறி, ஆசனூர்க் காட்டினூடே செல்கின்றன. மழையில் குளித்தெழுந்த மூங்கிலும், பள்ளத்தாக்கில் தவழும் மேகமும் மனத்துக்கு அளிக்கும் ஆறுதல் சிறிதன்று. நம் தேசத்தார் தம் நாட்டின் மலைவளத்தைத் தாமே கண்டு களிக்க வேண்டும் என்பதே நமது விருப்பம். ஆயின், எந்த நேரத்திலும் எப்படி வேண்டுமானாலும் அக்காடுகளைக் கடப்பது தமது பிறப்புரிமை எனப் பிரயாணிகளிற் சிலர் வாதிப்பதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

பந்திப்பூர்ச் சாலைகளில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்தைத் தடுத்து 2009ஆம் வருஷத்தில் ஜில்லா அதிகாரி உத்தரவிட்டார். கர்நாடக ஐகோர்ட்டு 2010இல் அத்தடையை நிலைநிறுத்திற்று. திம்பம் சாலையிலும் சென்னை ஐகோர்ட்டின் உத்தரவால் 2022 பிப்ரவரியில் இரவுத் தடை அமலுக்கு வந்தது. "எங்கள் வரிப்பணத்தில் போட்ட சாலையில் எங்களைத் தடுக்க இவர்கள் யார்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் தேசமெங்கும் சுதந்திரமாக நடமாடும் உரிமையை வழங்கிய அரசியல் சட்டத்தின் 19ஆவது ஷரத்தே, பொதுநலத்தை முன்னிட்டும் பழங்குடி மக்களின் நலத்தை முன்னிட்டும் அதற்கு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் கூறுகிறது. 1976ஆம் வருஷத்துத் திருத்தமோ, வனங்களையும் வனவிலங்குகளையும் காப்பதை ஒவ்வொரு பிரஜையின் கடமையாகவும் ஆக்கியிருக்கிறது. உரிமையை மட்டும் மனப்பாடம் செய்து கடமையை மறப்பது சட்டம் கற்றவர் செயலாகாது.

தடையின் காரணமும் விளங்காத மர்மமன்று. அந்தி சாய்ந்த பின்னரே மானும் சிறுத்தையும் யானையும் நீருக்கும் இரைக்கும் சாலையைக் கடக்கின்றன. விளக்கொளி கண்ணைக் கூசச் செய்ததும் பல விலங்குகள் ஓடாமல் திகைத்து நின்றுவிடுகின்றன. விரைந்து வரும் வண்டிக்கு அக்கணமே போதும். பகலிலும் தீங்கு ஓய்வதில்லை. சாலையோரக் குரங்குக்குப் பழம் எறிபவர், அதைச் சக்கரத்தின் அடிக்கு அழைக்கிறார். கரும்பு லாரிகளிலிருந்து வீசப்படும் கட்டுகளுக்குப் பழகிய ஆசனூர் யானைகள், வண்டிகளை மறித்து நிற்கக் கற்றுக்கொண்டன. இதை வேடிக்கை என்று படமெடுத்து மகிழ்வோர், இரந்துண்ணப் பழக்கப்பட்ட யானையால் அதற்கும் மனிதனுக்கும் நேரக்கூடிய விபரீதத்தைச் சிந்திப்பதில்லை.

இவ்விஷயத்தில் உண்மையான கஷ்டம் யாருடையது? திம்பத்துக்கு அப்பால் உள்ள தாளவாடி விவசாயிகளுடையது. காய்கறியைச் சந்தைக்கு இறக்கவும், நோயாளியைச் சத்தியமங்கலத்துக்குக் கொண்டு செல்லவும் அவர்களுக்குத் தமிழ்நாட்டுக்குள் உள்ள முக்கிய வழி இம்மலைச் சாலையே. 2022இல் அவர்கள் கிளர்ந்தெழுந்தது இயல்பே. சோளகரும் ஊராளிகளும் இருளரும் காட்டுக்கு விருந்தினர் அல்லர், அதன் மக்கள். அவர்களுடைய போக்குவரத்துக்கும் அவசர வைத்தியத்துக்கும் விலக்கு அளிப்பது சலுகையன்று, நீதி. பிழைப்புக்காகச் செல்வோரே நேரம் பார்த்து மலையிறங்கும்போது, உல்லாசத்துக்காகச் செல்வோர் பொழுது சாய்வதற்குள் காட்டைக் கடந்துவிட மாட்டோம் என்பது வெட்கக்கேடு.

1882ஆம் வருஷத்து வனச் சட்டத்தின் மூலம் அந்நிய சர்க்கார் காடுகளைத் தன் கைக்குள் கொண்டுவந்து, தலைமுறை தலைமுறையாக அவற்றில் வாழ்ந்தோரின் உரிமைகளைச் சுருக்கிற்று. அவ்வுரிமைகளை அங்கீகரிக்கும் சட்டம் 2006இல்தான் பிறந்தது. இன்று காடு நம்முடையது. ஆதலால், அந்நியன் மரத்துக்காகக் கொள்ளையிட்டான், நாம் உல்லாசத்துக்காகப் பாழாக்குவோம் என்பது சுயராஜ்யத்தின் பொருளாகாது. தன்னைத் தானே அடக்கி ஆள்வதும் அச்சொல்லின் பொருளே.

சர்க்காருக்கு நாம் சொல்வது: விலக்குச் சீட்டுக்காகத் தாளவாடி மக்களை அலைக்கழிக்க வேண்டாம், பகற்பொழுதில் போதிய பஸ்களை விடுங்கள், சோதனைச் சாவடிகளில் செல்வாக்குள்ளவருக்கு ஒரு நீதி, ஏழைக்கு ஒரு நீதி என்னும் நிலைக்கு இடம் தராதீர்கள். நமது வாசகர்களுக்குச் சொல்வது: மலைப்பாதையில் அந்திக்கு முன் காட்டைக் கடக்கும்படி புறப்படுங்கள். காட்டினிடையே வண்டியை நிறுத்தாதீர்கள், விலங்குக்கு உணவிடாதீர்கள், பிளாஸ்டிக் குப்பை ஒன்றையும் விட்டு வராதீர்கள். தேசத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்கள், விடுமுறை நாட்களில் பண்ணாரியிலும் கூடலூரிலும் நின்று பிரயாணிகளுக்கு இவற்றை எடுத்துரைப்பார்களாயின், அது மேடைப் பிரசங்கம் பத்தினும் மேலான பணியாகும்.