கோடை ஓவிய முகாம் வரையும் சென்னை யாருடையது?

கோடை விடுமுறை வந்தால் சென்னையில் 'நகரத்தை வரைந்து அறிவோம்' என்று ஓவியப் பயிற்சிகள் தொடங்கிவிடுகின்றன. மயிலாப்பூர் தெப்பக்குளம், சாந்தோம் தேவாலயம், எழும்பூர் ரயில் நிலையம் என்று போன வருடம் வரைந்த இடங்களையே இந்த வருடமும் வரைகிறார்கள்.

ஓவியம் நம் பிள்ளைகளுக்கும் வேண்டும். நாம் கேட்பது அந்த வழித்தடத்தைப் பற்றி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து ஏராளமான குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதில் தலித் குடும்பங்கள் எத்தனை என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று அந்தக் கரையில் உட்கார்ந்து வரைந்தால் மரமும் தண்ணீரும் அழகாகவே வரும். அங்கே வீடு இருந்ததைத் தாள் சொல்லாது.

ஆகவே முகாம் பெரும்பாக்கத்தில் தொடங்கட்டும். பெரியவர்களைக் கேட்டு, பழைய தெருவை, குழாயடியை, டீக்கடையை, அம்பேத்கர் படம் மாட்டிய மன்றத்தைப் பிள்ளைகள் வரையட்டும். பிறகு அதே இடத்துக்குப் போய், இப்போது இருப்பதை அடுத்த பக்கத்தில் வரையட்டும். (நோட்டோடு நடைபாதையில் உட்காரும் பையன் யார் என்பதைப் பொறுத்துக் காவலரின் கேள்வி மாறும். அதனால் இரண்டு பெரியவர்களாவது கூடப் போக வேண்டும்.)

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டினார்கள். வண்ணத்தின் மீது நமக்குக் கோபம் இல்லை. ஆனால் தூரிகை பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்கள் கையில்தான் இருந்தது.

பென்சிலும் நோட்டும் பெரிய செலவில்லை. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் பெண் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது. பையன்களின் டிக்கெட்டுக்குத்தான் நாம் பணம் திரட்ட வேண்டும்.